கால்பந்து உலகக் கோப்பையை மட்டும் பார்க்கும் ரசிகர்கள்: வடசென்னையிலிருந்து ஒரு விவாத இழை

தண்டையார்பேட்டை வாசி | 22 நவம்பர் 2022, இரவு

அனைவருக்கும் வணக்கம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஐரோப்பியக் கிளப் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. மெஸ்ஸி, ரொனால்டோ, நெய்மர் ஆகியோரின் பெயர்களுக்கு மேல் கால்பந்தைப் பற்றி அதிகம் தெரியாது. துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு சுங்க அனுமதி முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இன்று பிற்பகல் 3.30 மணிக்கு அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும் மோதிய ஆட்டத்தை, உடன் பணிபுரியும் தம்பி தன் கைபேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்ட்டியைக் கோலாக்கியபோது நான் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் சவூதி அரேபியா சமன் செய்து, அடுத்த ஐந்தே நிமிடங்களில் அல் தவ்சாரி இரண்டாவது கோலையும் அடித்தபோது, ரசீதுகளை அப்படியே விட்டுவிட்டு அந்தச் சிறிய திரைக்கு முன்னால் நின்றுவிட்டேன். கடைசி அரை மணி நேரம் அலுவலகத்தில் எவரும் வேலை செய்யவில்லை.

எனக்கு மூன்று ஐயங்கள். முதல் பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் அனுப்பிய மூன்று பந்துகளை நடுவர் ஆஃப்சைடு என்று நிராகரித்தார். அந்த விதியைப் புரியும்படி யாராவது விளக்க இயலுமா? இந்தத் தோல்வியோடு அர்ஜென்டினாவின் வாய்ப்பு முடிந்துவிட்டதா? மூன்றாவதாக, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் எட்டிப் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் ஓர் அணிக்காக இப்படி மனம் பதைப்பதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

வியாசர்பாடி விங்கர் | 22 நவம்பர் 2022, நள்ளிரவு

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பள்ளி நாள்களிலிருந்து ஓரத்தில் ஓடி ஆடியவன் என்பதால் இந்த விதியால் பல முறை வாடியவன். எதிரணியின் பாதியில் நிற்கும் ஒரு வீரர், தன் அணித்தோழர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், பந்தைவிடவும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரைவிடவும் கோல் கோட்டுக்கு நெருக்கமாக நின்றால் அது ஆஃப்சைடு நிலை. கோல்கீப்பரும் எதிரணி ஆட்டக்காரர்களில் ஒருவராகவே எண்ணப்படுவதால், பெரும்பாலான நேரங்களில் கீப்பரை விட்டுவிட்டு அடுத்த தடுப்பாட்டக்காரரைப் பார்த்தால் போதும். அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமன்று. அங்கிருந்து ஆட்டத்தில் பங்கெடுத்தால்தான் குற்றம். பந்து தன்னை வந்தடையும் நேரத்தில் எங்கே நிற்கிறோம் என்பது கணக்கில்லை, அது உதைக்கப்பட்ட நேரத்தில் எங்கே நின்றோம் என்பதே கணக்கு. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்று சவூதி அணி செய்தது துணிச்சலான காரியம். தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் கோலுக்கு அருகே ஒதுங்கி நிற்காமல், நடுக்கோட்டுக்குப் பக்கமாக ஏறி வந்து ஒரே வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் மெஸ்ஸியும் லவுத்தாரோ மார்ட்டினெஸும் தனியே கீப்பரை எதிர்கொண்டிருப்பார்கள். முதல் பாதி முழுவதும் அந்த வரிசை குலையவில்லை. கத்தாரில் நடக்கும் இந்த உலகக் கோப்பையில் கூரைக்கு அடியில் பொருத்திய 12 கேமராக்களும் பந்துக்குள் இருக்கும் உணரியும் சேர்ந்து ஆஃப்சைடைக் கணிக்கின்றன. தோளளவு முன்னே இருந்தாலும் தப்ப முடியாது.

பழைய வண்ணை | 23 நவம்பர் 2022

இரண்டாவது கேள்விக்கு வரலாறு நல்ல பதிலைச் சொல்கிறது, தம்பி. 1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்திலேயே மரடோனாவின் அர்ஜென்டினா 0–1 என்று கேமரூனிடம் தோற்றது. அதே அணிதான் பிறகு இறுதி ஆட்டம் வரை சென்றது. 2010-இல் ஸ்பெயின் தன் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்று, முடிவில் கோப்பையையே வென்றது. நேற்றைய தோல்வி அர்ஜென்டினாவின் 36 ஆட்டத் தோல்வியில்லா ஓட்டத்தை முடித்துவிட்டது உண்மைதான். ஆனால் மெக்சிகோவையும் போலந்தையும் வென்றால் எவருடைய தயவும் இல்லாமல் அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

மூன்றாவது கேள்வியும் என்னைத் தொட்டது. நான் கால்பந்துக்குள் வந்ததும் இப்படித்தான். 1986-இல் மெக்சிகோவில் நடந்த ஆட்டங்களைத் தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டியது. அங்கே நண்பகல் என்றால் நமக்கு இரவு 11.30 மணி. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் சிலவே. அப்படி ஒரு வீட்டார் பெட்டியைத் திண்ணைக்கு எடுத்து வந்து வைத்து, தெருவே சாலையில் பாய் விரித்து உட்கார்ந்தது. இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துச் சென்று, வரிசையாக ஆட்களைக் கடந்து, கீப்பரையும் தாண்டி அடித்த இரண்டாவது கோலை அங்கேதான் பார்த்தேன். பந்தை எடுத்தபோது உட்கார்ந்திருந்த கூட்டம், அது வலைக்குள் போனபோது முழுவதும் எழுந்து நின்றது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கால்பந்து பார்த்ததே இல்லை.

பெரம்பூர் லோகோ | 24 நவம்பர் 2022

உற்சாகத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வருத்தத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தெருமுனைகளில் அர்ஜென்டினாக் கொடியும் பிரேசில் கொடியும் பறக்கின்றன. மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் பேனர் வைக்கிறோம். நம் நாடு ஃபிஃபா தரவரிசையில் நூறுக்கு வெளியே நிற்கிறது. 1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் நாம் போகவில்லை. காலணி இல்லாமல் ஆட அனுமதிக்காததால்தான் போகவில்லை என்று சொல்லிச் சொல்லி அதையே உண்மையாக்கிவிட்டார்கள். அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய நேரமின்மை, ஒலிம்பிக்கைவிட உலகக் கோப்பையைச் சிறியதாக அன்றைய நிர்வாகம் எண்ணியது ஆகியவை அதற்குப் பின்னால் இருந்தன. அதன் பிறகு 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும் பெற்றோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்த சைமன் சுந்தர்ராஜ் நம் தமிழ்நாட்டுக்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசிக் கோல் அதுதான். மரடோனாவின் கோலை நிமிடக் கணக்கோடு சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? நேரு விளையாட்டரங்கில் உள்ளூர் லீக் ஆட்டம் நடக்கும்போது காலியாகக் கிடக்கும் இருக்கைகளை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

தண்டையார்பேட்டை வாசி | 1 டிசம்பர் 2022

விங்கர் அண்ணாவின் விளக்கத்துக்கும் ஐயாவின் ஆறுதலுக்கும் நன்றி. மெக்சிகோவையும் போலந்தையும் அர்ஜென்டினா 2–0 என்று வென்றுவிட்டது. மெக்சிகோ ஆட்டத்தின் 64-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி தொலைவிலிருந்து தரையோடு அடித்த பந்து உள்ளே சென்றபோது மணி இரவு இரண்டை நெருங்கியிருந்தது. என் சத்தத்தில் வீட்டார் எழுந்துவிட்டார்கள்.

போலந்து ஆட்டம் நடந்த அரங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதன் பெயர் 974. கப்பல் கன்டெய்னர்களையும் எஃகுச் சட்டங்களையும் அடுக்கி அதைக் கட்டியிருக்கிறார்கள். 974 என்பது கத்தாரின் தொலைபேசிக் குறியீடு, பயன்படுத்திய கன்டெய்னர்களின் எண்ணிக்கையும் அதுவே. எண்ணூர் நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து அலுவலகம் போகிறவன் நான். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக அதே பெட்டிகள் சுவராகவும் படிக்கட்டாகவும் நிற்பதைத் திரையில் கண்டபோது அந்த அரங்கம் மிகவும் அறிமுகமானதாகத் தோன்றியது. எங்கள் பகுதியிலிருந்து கட்டட வேலைக்குக் கத்தார் சென்றவர்கள் பலர். அந்த வெயிலில் உழைத்து, உயிரோடு திரும்பாத அயல்நாட்டுத் தொழிலாளர்களையும் நினைக்காமல் அந்த அரங்கங்களைப் பார்க்க முடியவில்லை.

பெரம்பூர் நண்பர் சொன்ன சைமன் சுந்தர்ராஜின் பெயரை உங்கள் பதிவில்தான் முதன்முதலில் அறிந்தேன். இத்தனை நாள் கால்பந்துப் பக்கமே வராத நான் அந்தப் பெயரை அறிய நேர்ந்ததற்கும் இந்த உலகக் கோப்பைதானே காரணம் ஆயிற்று?

கொடுங்கையூர் ஆசிரியை | 2 டிசம்பர் 2022

இந்த இழையில் எல்லோரும் ஆண்களின் ஆட்டத்தை மட்டுமே பேசுவதால் இதை எழுதுகிறேன். நேற்றிரவு கோஸ்டாரிகா–ஜெர்மனி ஆட்டத்தில் பிரான்ஸைச் சேர்ந்த ஸ்டெஃபானி ஃப்ராப்பார் நடுவராக இருந்தார். ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை ஒரு பெண் நடுவர் நடத்தியது இதுவே முதன்முறை. கோட்டு நடுவர்கள் இருவரும் பெண்களே. இன்று காலை எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இதைப் பற்றி என்னிடம் கேட்டாள். ஆட்டத்தின் முடிவைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அவங்க விசில் ஊதினா எல்லாரும் நின்னுட்டாங்க மிஸ்" என்றாள்.

பெரம்பூர் நண்பரின் வருத்தத்தோடு நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன். கடந்த அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை இந்தியாவில்தான் நடந்தது. புவனேஸ்வர், கோவா, நவி மும்பை ஆகிய இடங்களில் ஆடினார்கள், ஸ்பெயின் வென்றது. நம் பெண்கள் அமெரிக்காவிடமும் மொராக்கோவிடமும் பிரேசிலிடமும் தோற்றார்கள், ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. ஆயினும் அது நம் மண்ணில் நடந்த உலகக் கோப்பை. அன்று எந்தத் தெருமுனையிலும் திரை கட்டப்படவில்லை. என் மாணவிகளில் ஒருத்திக்குக்கூட அது நடந்தது தெரிந்திருக்கவில்லை, ஏனெனில் அவர்கள் காதில் விழும்படி யாரும் அதைப் பேசவே இல்லை. ஆர்வம் தானாக வருவதில்லை. சுற்றியிருப்பவர்கள் கத்துவதைக் கேட்டுத்தான் ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கிறது.

காசிமேடு விசைப்படகு | 10 டிசம்பர் 2022, மாலை

நேற்றிரவை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் கடலுக்குப் போகாமல் படகுகளைத் துறைமுகத்துக்குள் கட்டிவிட்டு, இரவு முழுவதும் கயிறு பார்த்துக்கொண்டு நின்றோம். படகுக்கும் படகுக்கும் நடுவில் பழைய டயர்களைத் தொங்கவிடுவது வழக்கம். அலை ஏறும்போது அந்த டயர்கள் நசுங்கிப் பிதுங்கும் சத்தத்தை வைத்தே எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இரவு 8.30 மணிக்குப் பிரேசில்–குரோஷியா ஆட்டம். எங்கள் பக்கம் பிரேசில்தான் அதிகம். கூடுதல் நேரத்தில் நெய்மர் கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் அடித்த கோலுக்கு மழையிலேயே ஆடினார்கள். ஆட்டம் முடிய மூன்று நிமிடங்கள் இருக்கும்போது குரோஷியாவின் பெட்கோவிச் அடித்த பந்து தடுப்பாட்டக்காரர் மீது பட்டுத் திரும்பி உள்ளே போனது. பிறகு சமநிலையைத் தீர்க்க இரு அணிகளும் மாறி மாறி அடிக்கும் பெனால்ட்டியில் பிரேசிலின் மார்க்கீனியோஸ் கம்பத்தில் அடித்ததோடு பிரேசில் வெளியேறியது. எங்களோடு நின்ற பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் இறங்கிப் போய், ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை மீண்டும் இறுக்கிக் கட்டினார்.

நள்ளிரவு 12.30-க்கு அர்ஜென்டினா–நெதர்லாந்து தொடங்கியபோதுதான் காற்று உச்சத்தில் இருந்தது. மின்சாரம் போய்விட்டது. எங்கள் குழுவில் ஒரே ஒரு கைபேசியில்தான் மின்னேற்றம் மிச்சம் இருந்தது. அதைப் பாலித்தீன் பையில் சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் நிறுத்தி வைத்துக் குனிந்து பார்த்தோம். படம் உறைந்து நின்றுவிடும்போது வர்ணனையின் குரலை மட்டும் வைத்துக் கோல் விழுந்ததா என்று ஊகித்தோம். 2–0 என்று முன்னிலையில் இருந்த அர்ஜென்டினாவுக்கு எதிராக, 90 நிமிடங்களுக்கு மேல் கூட்டிக் கொடுத்த நேரத்தின் பதினோராவது நிமிடத்தில் நெதர்லாந்து சமன் செய்தது. நேராகக் கோலை நோக்கி அடிப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஃப்ரீ கிக்கைத் தரையோடு உள்ளே தள்ளி, வெக்ஹோர்ஸ்ட் அதை வாங்கி அடித்தார். அந்தத் துணிவை எந்த அணியின் ரசிகரும் பாராட்டத்தான் வேண்டும். பெனால்ட்டியில் அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் முதல் இரண்டையும் தடுத்து, லவுத்தாரோ கடைசிப் பந்தை உள்ளே அனுப்பியபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அதற்குள் சில படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சேதமாகிவிட்டன. எங்கள் படகுக்குப் பெரிய சேதம் இல்லை. விடிந்ததும் பக்கத்துப் படகிலிருந்து தண்ணீர் இறைக்கப் போனோம்.

பெரம்பூர் லோகோ | 11 டிசம்பர் 2022

காசிமேடு நண்பரே, உங்கள் பதிவை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். படகு இழந்தவர்களுக்கு நிவாரணம் விரைவில் கிடைக்க வேண்டும். என் வருத்தம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது கொடி கட்டுபவர்கள் மீது அன்று என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வியாசர்பாடி விங்கர் | 15 டிசம்பர் 2022

மொராக்கோ பிரான்ஸிடம் 0–2 என்று தோற்றுவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அரையிறுதி வரை வந்த முதல் அணி. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் அனுப்பிவிட்டு வந்தவர்கள். எங்கள் பகுதியில் பிரேசில் தோற்ற மறுநாளே பலர் மொராக்கோவின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். இதைக் கட்சி தாவல் என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அணியின் ஆட்டம் பிடித்துப்போய் அதற்காகக் கத்துவதற்கு அந்த நாட்டின் குடியுரிமை வேண்டியதில்லை.

பெரம்பூர் நண்பரின் வருத்தத்துக்கு என் பதில் இது. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்தப் பெயர் தொலைக்காட்சி பார்த்ததால் மட்டும் வந்ததன்று. முல்லை நகர் மைதானத்தில் 1990-களின் இறுதியிலிருந்து பிள்ளைகளைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தவர்களால் வந்தது. 2017–18 பருவத்தில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷும், 2022–23 பருவத்தில் ஒடிசா எஃப்சிக்கு ஓரத்தில் ஓடும் நந்தகுமார் சேகரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தாம். உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் எங்கள் மைதானத்துக்கு வரும் பிள்ளைகளின் கூட்டம் கண்கூடாகப் பெருகும். அடுத்த கோடைக்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்பதும் உண்மை. நிற்பவர்கள் ஆர்வம் குறைந்து நிற்பதில்லை. பூட்ஸ் கிழிந்தால் அடுத்தது வாங்க வீட்டில் பணம் இருக்காது. பத்தாம் வகுப்பு வந்தால் விளையாட வேண்டாம் என்பார்கள். மழைக்காலத்தில் மைதானம் முழங்கால் அளவு நீரில் கிடக்கும். ரசிகர்கள் உதவ விரும்பினால் இந்த மூன்றில் ஒன்றைக் கையில் எடுக்கலாம். ஆசிரியை அம்மாவுக்கு: பெண் பிள்ளைகளுக்கும் இங்கே பயிற்சி நடக்கிறது, உங்கள் மாணவியை அவசியம் அழைத்து வாருங்கள்.

தண்டையார்பேட்டை வாசி | 19 டிசம்பர் 2022, அதிகாலை

உறக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் தெருவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். 23-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸியின் பெனால்ட்டி. 36-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி தொட்டுவிட்ட பந்து அல்வாரெஸிடமும், அவரிடமிருந்து மக் அலிஸ்டரிடமும் போய், அங்கிருந்து டி மரியாவிடம் வந்து கோலானது. ஒருவரும் பந்தைத் தேவைக்கு மேல் ஒரு நொடிகூட வைத்திருக்கவில்லை. முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு முறைகூடக் கோலை நோக்கி அடிக்கவில்லை. 80-ஆவது நிமிடத்திலும் அடுத்த நிமிடத்திலும் பிரான்ஸின் எம்பாப்பே அடித்த இரண்டு கோல்களால் எல்லாம் தலைகீழாயிற்று. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே மீண்டும் ஒரு பெனால்ட்டி, 3–3. கடைசி நொடிகளில் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தைக் கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தபோது, திரையைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் துணியைக் கைவிட்டுவிட்டான். படம் எதிர்வீட்டுச் சுவரில் ஓடியது, யாரும் அதைச் சரிசெய்யச் சொல்லவில்லை.

எம்பாப்பேயின் மூன்றாவது கோலுக்குக் காரணமான பெனால்ட்டி, அர்ஜென்டினாவின் மொன்டியேலின் கையில் பந்து பட்டதால் வந்தது. பெனால்ட்டி முறையில் கோப்பையை வென்று தந்த கடைசிப் பந்தை அடித்தவரும் அதே மொன்டியேல். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த எம்பாப்பே தோற்று நிற்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை, அவருடைய அணிக்கு எதிராகக் கத்தியவன் நானாக இருந்தபோதிலும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. 64-ஆவது நிமிடத்தில் டி மரியாவை ஏன் வெளியே எடுத்தார்கள்? அவர் இருந்தவரை இடப்பக்கத்தில் பிரான்ஸால் மூச்சுவிட முடியவில்லை. அவர் போனதும் அர்ஜென்டினா பின்வாங்கியது என்பது என் கருத்து.

வியாசர்பாடி விங்கர் | 19 டிசம்பர் 2022, காலை

உங்கள் கருத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். வழக்கமாக வலப்பக்கம் ஆடும் டி மரியாவை இடப்பக்கம் நிறுத்தியதுதான் பயிற்சியாளர் ஸ்கலோனியின் மிகச் சிறந்த முடிவு; பிரான்ஸின் குண்டேயும் டெம்பெலேயும் அவரைச் சமாளிக்கத் தெரியாமல் தடுமாறினார்கள், முதல் பெனால்ட்டியே டெம்பெலே அவரை வீழ்த்தியதால் கிடைத்தது. ஆனால் காயத்தால் நாக் அவுட் ஆட்டங்களில் பெரும்பாலும் வெளியே இருந்தவர் அவர்; முழு ஆட்டமும் ஓட அவர் கால்கள் இடம் கொடுத்திருக்குமா என்பது ஐயம். அவருக்குப் பதிலாகத் தடுப்பாட்டக்காரரான அக்குன்யாவை இறக்கியதில்தான் எனக்கு மனத்தாங்கல். பின்னால் ஓடி விரட்டக்கூடிய ஒரு முன்னாட்டக்காரர் இறங்கியிருந்தால் பிரான்ஸின் வலப்பக்கம் அவ்வளவு எளிதாக முன்னேறியிருக்காது. பிரான்ஸ் பயிற்சியாளர் தேஷாம்ப்ஸுக்கும் உரிய பாராட்டைக் கொடுக்க வேண்டும். முதல் பாதி முடிவதற்கு முன்பே ஜிரூவையும் டெம்பெலேயையும் எடுத்துவிட்டு, கோலோ முவானியையும் துராமையும் இறக்கினார். பிரான்ஸின் முதல் கோலான பெனால்ட்டியை வாங்கித் தந்தது கோலோ முவானி, இரண்டாவது கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தது துராம். பின்னர் இறங்கிய கோமான்தான் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்து அந்த இரண்டாவது கோலைத் தொடங்கி வைத்தார்.

ஞாயிறு காலை நாங்கள் பெரியவர்களுக்காக ஏழு பேர் ஆட்டம் ஆடுகிறோம். பூட்ஸ் இல்லாவிட்டால் கேன்வாஸ் ஷூ போதும். உங்கள் அலுவலகத் தம்பியையும் அழைத்து வாருங்கள், எங்களுக்கு இடப்பக்கத்துக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.